கோடெலீவின் மூக்கு, ஓடீலின் நாக்கு

1

இந்தக் கதை ஒரே ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது. அந்த வாக்கியமும் என்னுடையது அல்ல. ஓடீல் என்பவன் சமையலறை மேசையில் உட்கார்ந்தபடி தன் மனைவியிடம் சொன்னது அது:

"அந்தப் பன்னிக்கறியோட நீ ஊத்துற பழுப்பு பியர் இருக்கே, அது எனக்கு ஒருநாளும் பிடிச்சதில்ல."

இதில் என்ன கதை இருக்கிறது என்று கேட்பீர்கள். சொன்னவன், கல்யாணமாகி முப்பது வருடங்களுக்கு மேலாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அதே மேசையில் அதே கறியை அதே பியரோடு சாப்பிட்டுவிட்டு, "நல்லாருக்கு" என்ற ஒற்றைச் சொல்லோடு எழுந்துபோனவன். கேட்டவள் கோடெலீவ். பெல்ஜியத்தில், ஔடனார்டே என்ற ஊருக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில் 'வெள்ளை அன்னம்' என்ற சாப்பாட்டுக்கடை நடத்துகிறவள். எந்தச் சுட்ட கறிக்கு எந்த பியர் என்ற பேச்சு வந்தால், எங்கள் பக்கத்தில் அவள் சொல்வதுதான் தீர்ப்பு. அதிலும் அந்தப் பன்றித் தோள்கறியும் பழுப்பு பியரும்தான் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த ஜோடி. அதைத் தின்பதற்காகவே கென்ட் நகரத்திலிருந்து கார் எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

இந்த வாக்கியத்தை இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். அவள் சொன்னபோது அழுகை வராத குறை. அவன் சொன்னபோது சிரிப்பு வராத குறை. இரண்டு குறைக்கும் நடுவில் ஒரு கதை இருக்கும் என்று எனக்குப் பட்டது. (நான் அவர்கள் கடைக்கு எதிர்வீட்டில் பல வருடங்களாகக் குடியிருக்கிறேன். பெரிய விருந்துகளில் தட்டு தூக்க ஆள் போதாவிட்டால் கோடெலீவ் சன்னல் வழியாக என்னைக் கூப்பிடுவாள். என்னைப் பற்றி இதற்கு மேல் வேண்டாம்.)

எப்படித் தொடங்குவது என்பதில்தான் சிக்கல்.

முதல் முயற்சி: "ஸ்கெல்ட் ஆற்றின் மேல் பனிமூட்டம் ஒரு வெண்ணிறப் போர்வையைப் போல—"

போதும். போர்வை இல்லாமல் பனிமூட்டத்தை எழுதத் தெரிகிறவரை நான் ஆற்றுப்பக்கம் போவதாக இல்லை.

இரண்டாம் முயற்சி: "பெல்ஜியத்தில் பியர் என்பது வெறும் பானம் அல்ல, அது ஒரு—"

சுற்றுலாத் துறை எனக்குச் சம்பளம் தரவில்லை.

மூன்றாம் முயற்சி: "நவம்பர் மாதக் காய்ச்சலில் கோடெலீவின் மூக்கு செத்துப்போனது."

இது இருக்கட்டும்.

2

நவம்பர் மாதக் காய்ச்சலில் கோடெலீவின் மூக்கு செத்துப்போனது.

அவளுக்கு உடனே தெரியவில்லை. காய்ச்சல் விட்ட பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, தோள்கறியை ஓவனில் வைத்துவிட்டு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். வழக்கமாக மணம் முதலில் சோம்பலாக வரும். பிறகு சட்டென்று மாறி, கொழுப்பு உருகும் மணமாகும். அந்த இடத்தில் எழுந்துபோய்த் திருப்பிப் போட வேண்டும். கடிகாரம் பார்த்துச் சமைக்கிறவர்களை அவள் மதிப்பதில்லை. அன்று மணம் வரவே இல்லை. ஓவன் பற்றவில்லை போலிருக்கிறது என்று கதவைத் திறந்து கையை உள்ளே விட்டாள். விரல் வெந்தது. உள்ளே கறி கறுத்துக் கட்டையாகிக் கிடந்தது.

விரலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டே நிலவறைக்கு ஓடினாள். ஒரு பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள். ஒன்றுமில்லை. அடுத்ததைத் திறந்தாள். மடத்துத் துறவிகள் காய்ச்சும் கறுப்பு பியர், மரப்பீப்பாயில் கிடந்து புளித்த சிவப்பு, கோதுமை வெள்ளை. ஒவ்வொன்றும் சோடாத் தண்ணீர் போல நுரைத்ததே தவிர ஒன்றுக்கும் மணம் இல்லை. மேலே வந்து வினிகரை முகர்ந்தாள். காபித்தூளை முகர்ந்தாள். கடைசியில் மாடிக்குப் போய் ஓடீலின் காலுறையை முகர்ந்தாள். அதிலும் ஒன்றுமில்லை என்றபோதுதான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

(காலுறை விஷயத்தை எடுத்துவிடச் சொன்னாள் கோடெலீவ். "என்னைப் பத்தி எழுது, என் வீட்டு அழுக்குத் துணியப் பத்தி எதுக்கு?" என்றாள். அந்த வாக்கியம்தான் இந்தப் பகுதியிலேயே உயிரோடு இருக்கிறது என்று மன்றாடிப் பார்த்தேன். "அப்ப துவைச்ச காலுறைன்னு எழுது" என்றாள். துவைத்த காலுறை.)

மருத்துவர், மணம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். நாக்குக்கு உப்பு தெரிந்தது. புளிப்பும் இனிப்பும் கசப்பும் தெரிந்தன. ஆனால் ஆட்டுக்கறி உப்புப் போட்ட அட்டை மாதிரியும், பன்றிக்கறி உப்புப் போட்ட ஈர அட்டை மாதிரியும் இருந்தன.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. ஏனென்றால் அந்த வாரம்தான் ஃபிர்மின் வந்து போயிருந்தான்.

3

ஃபிர்மின் எங்கள் ஊர் பியர் காய்ச்சுபவன். ஆள் பீப்பாய் போல இருப்பான்; குரலும் பீப்பாய்க்குள்ளிருந்து வருவது போலத்தான் இருக்கும். அவன் ஒரு புது பியர் காய்ச்சியிருந்தான். அதற்கு 'கோடெலீவ்' என்று பேர் வைத்து, பாட்டிலில் அவள் முகத்தையே போடப்போவதாகச் சொன்னான்.

"ஜனவரியில வில்லாளர் சங்க விருந்து வருதில்ல, அங்கதான் மொதப் பீப்பாயத் திறக்கப் போறேன். நாலு விதமான சுட்ட கறி. நீ எல்லார் முன்னாடியும் குடிச்சுப் பாத்து, இது இந்தக் கறிக்குத்தான்னு சொல்லணும். நீ சொல்றத அப்படியே லேபிள்ல அச்சடிக்கிறேன்."

"முன்னாடியே ஒரு மொடக்கு குடு, பாத்து வைக்கிறேன்."

"முடியாது. பொண்ணு மணவறைக்கு வந்தப்புறம்தான் முகத்தப் பாக்கணும்."

காய்ச்சலுக்கு முன்னால் என்றால் இது அவளுக்கு விளையாட்டு. இப்போது அது தூக்குமேடையாகத் தெரிந்தது. சங்கத்தின் மொத்தக் கூட்டமும் பார்த்துக்கொண்டிருக்கும். தவறாகச் சொன்னால் அந்தத் தவறு அவள் முகத்தோடு ஒட்டப்பட்டு ஊர் ஊராகப் போகும்.

அந்த இரவுச் சாப்பாட்டின்போது ஓடீலிடம் சொல்லிவிட்டாள்.

"எனக்கு மூக்கு போயிடுச்சு, ஓடீல். ஒண்ணுமே தெரியல."

"ஓ" என்றான் ஓடீல்.

இந்த இடத்தில் ஓடீலைப் பற்றி எனக்கே சந்தேகம் வருகிறது. இப்படி ஒரு ஆள் இருக்க முடியுமா? வாசகர் நம்புவாரா? படகுகளைத் தாழ்ந்த நீரிலிருந்து உயர்ந்த நீருக்கு ஏற்றிவிடும் ஆற்று மதகில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் அவன். படகு வந்தால் ஒரு கதவைத் திறந்து, தண்ணீர் ஏறும்வரை காத்திருந்து, மறு கதவைத் திறந்துவிட வேண்டும். அந்த வேலைக்குப் பேச்சு தேவையில்லை. படகுக்காரன் கையை உயர்த்துவான், இவனும் கையை உயர்த்துவான். அப்படியே ஒரு ஆயுள் போய்விட்டது. அவனுக்கு ஒரு நண்பனையோ நாயையோ கொடுத்துக் கொஞ்சம் பேசவைக்கலாமா என்று யோசித்தேன். நாயைப் பற்றி ஒரு பக்கம் எழுதியும் விட்டேன். பிறகு கிழித்துவிட்டேன். நாய் நன்றாக வந்திருந்தது. அதுதான் தொந்தரவு, கதை முழுவதையும் அது எடுத்துக்கொண்டு ஓடிவிடும் போலிருந்தது.

ஆகவே ஓடீல் "ஓ" என்றான். பிறகு, சூப்பை ஒரு கரண்டி குடித்துவிட்டு, "என் மூக்கு இருக்கு" என்றான்.

4

பயிற்சி அன்றே ஆரம்பமானது. சிறிய துண்டுகளாகக் கறி. சிறிய கிளாஸ்களில் பியர். கோடெலீவ் எதிரில் உட்கார்ந்து மருத்துவர் மாதிரி விசாரித்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

"எப்படி நல்லாருக்கு?"

ஓடீல் யோசித்தான். "நல்லா, நல்லாருக்கு."

"இனிப்பு முன்னாடி வருதா பின்னாடி வருதா? ஆட்டுக் கொழுப்போட சேர்றப்ப என்ன ஆகுது? கருகின வெல்லம் மாதிரி இருக்கா, காஞ்ச அத்திப்பழம் மாதிரி இருக்கா?"

"பியர் மாதிரி இருக்கு."

"கடவுளே" என்றாள் கோடெலீவ், "எனக்கு மூக்கப் புடுங்கினது போதாதுன்னு இந்த மரக்கட்டைய வேற குடுத்திருக்கியே!"

(ஓர் அடிக்குறிப்பு, அடியில் இல்லாமல் இங்கேயே. மனைவி கணவனை நீ என்கிறாளே, கடவுளையும் நீ என்கிறாளே என்று சிலர் முகம் சுளிக்கலாம். எங்கள் பக்கத்துப் பேச்சில் கடவுளுக்கும் கணவனுக்கும் கன்றுக்குட்டிக்கும் ஒரே 'நீ'தான். நானும் அதனால்தான் அவர்கள் இருவரையும் அவள், அவன் என்றே எழுதுகிறேன். இன்னொன்று: ரோஸ்ட் என்று எழுதினால் உங்கள் நாக்கு நேராக நெய் தோசைக்குப் போய்விடும். அதனால் 'சுட்ட கறி'.)

பல நாள் இப்படியே போனது. கோடெலீவ் நம்பிக்கையைக் கைவிடவிருந்த ஒரு மாலையில், ஆட்டுத்தொடைக் கறியை மென்று, மடத்துக் கறுப்பு பியரை ஒரு வாய் குடித்த ஓடீல் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"என்ன? நெஞ்ச அடைக்குதா?"

"இரு. தண்ணி ஏறிக்கிட்டு இருக்கு."

"என்னது?"

"மதகு மாதிரி. மொதக் கதவு மூடினதும் ஒண்ணுமே நடக்காது. சும்மா நிக்கும். அப்பறம் அடியிலேர்ந்து மெதுவா ஏறும். படகு தெரியாமயே மேல வந்துடும். இந்தக் கறிதான் படகு. பியரு தண்ணி."

கோடெலீவ் கையிலிருந்த கரண்டியை மேசைமேல் வைத்தாள். அவளுக்கு அந்தச் சுவை தெரிந்துவிட்டது. நாக்கில் அல்ல, வேறெங்கோ. அந்த ஜோடியைப் பற்றி அவளே இவ்வளவு சரியாக ஒருநாளும் சொன்னதில்லை.

"இன்னொண்ணு சாப்பிடு" என்றாள். அடுத்த துண்டை அவளே வெட்டி வைத்தாள்.

அதன் பிறகு மதகு திறந்துகொண்டது. (இந்த உவமையை எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன்.) மாட்டு விலாக்கறியோடு புளிப்புச் சிவப்பைக் குடித்து, "ரெண்டு தடியனுங்க ஒரே வாசல்ல நுழையப் பாக்குறானுங்க, யாரும் விட்டுக் குடுக்கல" என்றான். கின்னிக்கோழியோடு வெளிர் மஞ்சள் பியரைக் குடித்து, "கோழி கொஞ்சம் கூச்ச சுபாவம். இந்தப் பியரு சத்தமா பேசுது. பாவம்" என்றான். கோடெலீவ் சிரித்து மேசையைத் தட்டினாள். கல்யாணமான புதிதில்கூட இவர்கள் இவ்வளவு நேரம் எதிரெதிரே உட்கார்ந்ததில்லை. கடை சாத்தின பிறகும் விளக்கு எரிவதை நான் எதிர்வீட்டிலிருந்து பார்த்துவிட்டு, கணக்குப் பார்க்கிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

விருந்துக்காக ஒரு ஏற்பாடும் செய்தார்கள். புது பியரை எல்லோரோடும் சேர்த்து ஓடீலும் குடிப்பான். ஆட்டுக்கறிக்கு என்றால் காதைத் தொடுவான், மாட்டுக்கறிக்கு மூக்கு, பன்றிக்கறிக்கு மோவாய், கின்னிக்கோழிக்கு மூக்குக்கண்ணாடி. அவள் அதைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும்.

முடிந்திருக்கும். பன்றித் தோள்கறியை அவள் கடைசிக்கு வைத்திருக்காவிட்டால்.

5

அது அவளுடைய பெருமை என்பதால் கடைசிக்கு வைத்திருந்தாள். சோதிக்க வேண்டிய அவசியமே இல்லை. புகழ்ச்சியைக் கொஞ்சம் கேட்டுவிட்டுத் தூங்கப் போகலாம் என்றுதான் நினைத்தாள். தோள்கறியை வெட்டி வைத்து, பழுப்பு பியரை ஊற்றினாள்.

"ம், இதுக்கு என்ன சொல்றே?"

அப்போதுதான் ஓடீல் அந்த வாக்கியத்தைச் சொன்னான். இத்தனை நாள் உண்மையைப் பேசப் பழகிய நாக்கு நிற்கவில்லை.

கோடெலீவ் முதலில் சரியாகக் கேட்கவில்லை என்றுதான் நினைத்தாள்.

"என்ன பிடிக்கல?"

"அந்தப் பியரு. கறி அருமை. ஆனா கறியே ஏற்கெனவே இனிப்பு. பியரும் இனிப்பு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தலையத் தடவிக்கிட்டு இருக்கு. கொழுப்ப வழிச்சுக் கழுவ ஆளில்ல. நல்லாப் புளிச்ச கூஸ் பியரா இருந்தா படகோட அடிய உப்புத்தாள் போட்டுத் தேச்ச மாதிரி இருக்கும்."

"இத்தன வருஷமாவா பிடிக்கல?"

"ம்."

"ஏன்டா சொல்லல?"

"நீ கேக்கலயே."

"கேக்கலயா? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கேட்டேனே, எப்படி இருக்குன்னு!"

"அது கேள்வி இல்ல, கோடெலீவ். தட்ட எடுக்கலாமான்னு கேக்குறது."

அவள் கறித்தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு ஒன்று தோன்றியது. "அப்ப நான் ஊத்தின பியரயெல்லாம் என்ன பண்ணினே? கிளாஸ் காலியாத்தானே இருக்கும்?"

ஓடீல் சன்னலைப் பார்த்தான். சன்னலில் ஒரு தொட்டி. தொட்டியில் ஊரே கண்வைக்கும் ஒரு ஜெரேனியம் பூச்செடி.

(இல்லை, இது நான் சேர்த்தது அல்ல. நான் சேர்த்ததென்று நினைத்து நீங்கள் சிரிக்காமல் விட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். அந்தச் செடியின் கிளையொன்றை நானே ஒருமுறை கேட்டு வாங்கி என் வீட்டில் நட்டேன். அது பிழைக்கவில்லை. தண்ணீர்தான் ஊற்றினேன்.)

கோடெலீவ் எழுந்துபோய்த் தொட்டியைத் தூக்கிக் கொல்லைப்பக்கம் வைத்துவிட்டு வந்தாள். ஜனவரிக் குளிரில். அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை. முன்பு அது ஒருவர் பேசாத வீடு, இப்போது இருவரும். சாப்பிட வந்தவர்கள்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். கோபம் பியரைப் பற்றியது மட்டுமல்ல என்று அவள் பிறகு என்னிடம் சொன்னாள். "நான் அவனுக்கு ஆக்கிப் போடுறேன்னு நெனச்சேன். அவன் என்னைச் சகிச்சிக்கிட்டு இருந்திருக்கான். அது வேற, இது வேற இல்லியா?"

அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

6

இங்கே ஃபிர்மினை வில்லனாக்கலாம் என்று ஒரு திட்டம் இருந்தது. அவள் மூக்கு போன செய்தி அவனுக்கு எப்படியோ எட்டியிருக்கிறது. அவளை அவமானப்படுத்தத்தான் இந்த ஏற்பாடு—

ஆனால் ஃபிர்மின் ஒத்துழைக்கவில்லை. அவன் நிஜமாகவே நல்லவன். அவளுடைய படத்தை லேபிளுக்காக மூன்று விதமாக வரையச் சொல்லி, எதில் அவள் மூக்கு அழகாக இருக்கிறது என்று வழியில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தான். இப்படிப்பட்டவனை என்ன செய்ய முடியும்? கதைக்கு வில்லன் இல்லாமலே போக வேண்டியதுதான்.

7

விருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம், சங்கத்து மண்டபத்தில். உயரக் கம்பத்தின் உச்சியில் செருகிய இறகுப் பறவையை அம்பெய்து வீழ்த்துகிறவர்தான் சங்கத்துக்கு அந்தந்த வருடத்து ராஜா. அந்த வருட ராஜா, பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் ரோஸ்வித்தா. வெள்ளிச் சங்கிலி கழுத்தில் கிடந்து கிணுகிணுக்க, நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஆட்டுத்தொடை, மாட்டு விலா, பன்றித் தோள், கின்னிக்கோழி என கோடெலீவ் சுட்டுக் கொடுத்த நான்கும் பெரிய பெரிய தட்டங்களில் வந்தன. நான் குழம்புக் கிண்ணத்தோடு கோடெலீவுக்குப் பின்னால் நின்றேன்.

ஃபிர்மின் பீப்பாயில் குழாயடித்தான். கரும்பொன் நிறம், தந்த நிற நுரை. எல்லோருடைய கிளாஸும் நிறைந்தது. கூட்டம் அமைதியானது.

கோடெலீவ் நான்கு கறியிலும் ஒரு துண்டு தின்று நான்கு வாய் குடித்தாள். குளிர்ச்சி. குமிழிகள். கொஞ்சம் கசப்பு. அவ்வளவுதான். அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. பிறகு, பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே என்று எதிர்வரிசையில் இருந்த ஓடீலைப் பார்த்தாள்.

ஓடீல் காதைத் தொட்டான்.

ஆடு. அவள் மூச்சுவிட்டாள்.

உடனே மூக்கைத் தொட்டான். மாடா? பிறகு மோவாய். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினான். பிறகு மறுபடி காது. அவனுக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. விருந்துக்கென்று போட்டுக்கொண்டு வந்த கம்பளிச் சட்டை உடம்பெல்லாம் அரித்தது என்று பிறகு சொன்னான். அந்த நேரத்தில் அவளுக்கு எப்படித் தெரியும்? முப்பது வருடத்துக்குச் சேர்த்துவைத்துப் பழிவாங்குகிறான் என்றுதான் நினைத்தாள்.

"சொல்லு கோடெலீவ்!" என்றான் ஃபிர்மின். "எந்தக் கறி?"

இங்கே அவள் முன்னால் இரண்டு வழி இருந்தன. ஏதாவது ஒன்றைச் சொல்லலாம். நான்கில் ஒன்று சரியாக அமையக்கூடும், அமையாவிட்டாலும் யாருக்கும் எதிர்த்துச் சொல்லத் துணிவில்லை. நான் என்றால் 'ஆடு' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பேன். அவள் கிளாஸை மேசைமேல் வைத்தாள்.

"எனக்கு மணம் தெரியல" என்றாள். "நவம்பர்லேர்ந்து. சுண்ணாம்புத் தண்ணியக் குடுத்தாலும் குடிப்பேன். ஓடீல்தான் எனக்குப் பதிலா ருசி பாக்குறான். அவனைக் கேளுங்க."

சங்கத்தில் ஒரு முள்கரண்டி கீழே விழுந்தது. எல்லாத் தலையும் ஓடீல் பக்கம் திரும்பின. அந்த மண்டபத்தில் அவன் குரலைக் கேட்டிராதவர்களே அதிகம். அவன் எழுந்தான். தொண்டையைச் செருமினான்.

"நல்லாருக்கு" என்றான். உட்கார்ந்துவிட்டான்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. கோடெலீவ் சிரிக்கவில்லை.

"ஓடீல்" என்றாள். "இப்ப நான் தட்ட எடுக்க வரல. கேக்குறேன்."

அவன் அவளைப் பார்த்தான். மறுபடி எழுந்தான். கம்பளிச் சட்டையைத் தலைவழியாகக் கழற்றி நாற்காலிமேல் போட்டான். பேச ஆரம்பித்தான்.

"ஆட்டுக்கறியோட இது ஒத்துவரல. ஆடு ஒரு பக்கம் இழுக்குது, இது ஒரு பக்கம் இழுக்குது. கொத்தமல்லி விதை ஜாஸ்தி போட்டுட்டே ஃபிர்மின்."

"கொஞ்சூண்டுதான் போட்டேன்" என்றான் ஃபிர்மின், பள்ளிப்பிள்ளை மாதிரி.

"மாட்டுக்கறிக்குப் பக்கத்துல இது நிக்கவே பயப்படுது. கோழியோட சேத்தா கோழியக் காணோம். தோள்கறியோட…" அவன் மனைவியைப் பார்த்துத் தயங்கினான்.

"சொல்லு. கொல்லையில எடம் இருக்கு, உன்னையும் வைக்கிறேன்."

"தோள்கறியோட பரவால்ல. ஆனா அதுக்குன்னு பண்ணினது இல்ல இது."

ஃபிர்மினின் முகத்தில் ரத்தம் இல்லை. பாதி காலியான பீப்பாய் போல இருந்தான். "அப்ப எதுக்குமே ஆவாதா?"

"நான் அப்படிச் சொல்லலயே" என்றான் ஓடீல். அவன் மேசையைச் சுற்றி நடந்து வந்து, என் பக்கத்திலிருந்த பன்றிக்கறித் தட்டத்தோடு கூடவே வந்த, கறி வெந்த இரும்புச் சட்டியை எட்டி எடுத்தான். சட்டியின் மூலையில் ஒட்டிக் கறுத்திருந்ததைக் கத்தியால் சுரண்டினான். "கோடெலீவ் இதச் சுரண்டித் தூரப் போடுவா. போடறதுக்கு முன்னாடி நான் தின்னுடுவேன். நின்னுக்கிட்டே. இந்த வீட்டுல எனக்கு ரொம்பப் பிடிச்ச சாப்பாடு அதான்." அதை வாயில் போட்டு, ஒரு வாய் குடித்து, கண்ணை மூடினான். வெகுநேரம் நின்றான். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது என்று கோடெலீவுக்குத் தெரிந்தது.

"இதுக்குத்தான் இந்தப் பியரு" என்றான்.

"இத நான் லேபிள்ல எப்படிய்யா அச்சடிப்பேன்!" என்று அலறினான் ஃபிர்மின். ஆனால் அலறி முடிப்பதற்குள் ராஜா ரோஸ்வித்தா சங்கிலியை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டுக் கரண்டியோடு சட்டியைப் பிடித்துவிட்டாள். ஒரு வாய் தின்று, ஒரு வாய் குடித்து, பேருந்தில் குழந்தைகளை அதட்டும் குரலில், "ஐயோ, கடவுளே" என்றாள். அதன் பிறகு சமையலறையில் இருந்த சட்டிகளுக்காக வில்லாளர்கள் முண்டியடித்ததை நான் விவரிக்கப் போவதில்லை. பல்லாண்டு காலப் பெருமை உள்ள சங்கம். ஒருவருக்கு முழங்கையில் அடி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

8

முடிவுக்கு வந்துவிட்டோம் என்று நினைத்தேன். சில முடிவுகளை எழுதியும் பார்த்தேன்.

(அ) அந்தக் கணத்தில் கோடெலீவின் மூக்குக்குள் கருகிய கொழுப்பின் மணம் மெல்ல நுழைகிறது. அவள் கண்களில் நீர்—

இல்லை. சினிமாவில் வரும்.

(ஆ) அவமானம் தாங்காமல் அவள் கடையைச் சாத்திவிட்டு அக்கா வீட்டுக்குப் போகிறாள். இதைப் படித்துக் காட்டினேன். "கடையச் சாத்திட்டு? தோள்கறி ஊறவச்சிருக்கேனே, அத யாரு பாக்குறது?" என்றாள். அடித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். இருவரும் ஆற்றங்கரையோடு வீட்டுக்கு நடந்தார்கள். ஓடீல் கம்பளிச் சட்டையைத் தோளில் போட்டிருந்தான். பாதி வழியில் அவள் கேட்டாள்:

"வேற என்னென்ன பிடிக்காது?"

ஓடீல் யோசித்தான். "செவ்வாய்க்கிழமை சூப்பு" என்றான். "உங்க அக்கா. படுக்கையறைச் சுவத்துக் கலரு."

"முயல்கறி?"

"அது நல்லாருக்கு."

"ஓடீல்!"

"நெஜமாவே நல்லாருக்கு. அதுல காஞ்ச பிளம் பழம் எனக்கு நீ ஒண்ணு கூட வைப்பே. அது உனக்கே தெரியாது. கை தானா வைக்கும். அத எண்ணித்தான் நான் சாப்பிட ஆரம்பிப்பேன்."

அவள் நின்றுவிட்டாள். பிறகு அவன் கையிடுக்கில் கையைக் கோத்துக்கொண்டு, "அக்காவப் பத்தி என்ன சொன்னே?" என்று கேட்டபடி நடந்தாள். வீடு வந்து சேரும்வரை பட்டியல் முடியவில்லையாம்.

ஃபிர்மின் அந்த வாசகத்தை அப்படியே அச்சடித்தான்: 'சட்டியடியில் ஒட்டியதற்கு.' 'வெள்ளை அன்ன'த்தில் இப்போது ஞாயிற்றுக்கிழமைத் தோள்கறி கூஸ் பியரோடுதான் வருகிறது. பழையபடி பழுப்பு வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு அதையும் கொடுக்கிறாள். கொடுக்கும்போது ஓடீலைப் பார்த்து ஒரு முறை முறைக்கிறாள். ஓடீலோ இப்போது ஒவ்வொரு மேசைக்கும் போய்ப் பேசுகிறான். நிறுத்த முடிவதில்லை. கின்னிக்கோழியின் கூச்ச சுபாவத்தைப் பற்றி அவன் பேச ஆரம்பித்தால், கென்ட்காரர்கள் மெதுவாகக் கோட்டைத் தேடுகிறார்கள். கோடெலீவ் மட்டும் மோவாயில் கை ஊன்றி, முதல்தடவை கேட்கிறவள் மாதிரி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

9

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் ஜூன் மாதத்தில் ஒரு காரியம் நடந்தது. அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மதியச் சாப்பாடு முடிந்து கடை காலியாக இருந்தது. நான் கதையின் எட்டாவது பகுதியை அவர்களுக்குப் படித்துக்காட்டப் போயிருந்தேன். கோடெலீவ் சன்னலை நோக்கி உட்கார்ந்திருந்தாள். நல்ல வெயில். சன்னல் விளிம்பில் பச்சை நிற பாட்டில் ஒன்று, யாரோ கொண்டுவந்து கொடுத்தது, சில நாட்களாக வெயிலிலேயே நின்றிருந்தது. ஓடீல் அதை எடுத்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திறந்தான்.

மூடி கழன்ற சத்தம் கேட்டது. அவன் இன்னும் கிளாஸில் ஊற்றவில்லை.

கோடெலீவின் முகம் சுருங்கியது. மூக்கின் இரண்டு பக்கமும் மேலேறி, கண்கள் இடுங்கி, உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. ஒரு நொடி. அவ்வளவுதான். அடுத்த நொடி முகம் பழையபடி ஆகிவிட்டது.

ஓடீல் ஊற்றிக் குடித்தான். இருமினான்.

"என்ன, எப்படி இருக்கு?" என்று கேட்டாள் அவள்.

"பூனை மூத்திரம்! வெயில்ல கெட்டுப்போச்சு."

"அப்படியா?" என்றாள் கோடெலீவ், கையை மோவாயில் ஊன்றிக்கொண்டு. "எனக்கென்ன தெரியும்? வெவரமா சொல்லு."

அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

வெயில் அவள் கண்ணில் நேராக அடித்துக்கொண்டிருந்தது; வெயில் அடித்தாலும் முகம் அப்படித்தான் சுருங்கும். எழுதுகிறவன் என்ற முறையில் நான் அவளைக் கேட்டிருக்க வேண்டும். அவள் என்னைப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்தேன். கேட்கவில்லை. கேட்கப் போவதுமில்லை. நான் பார்த்ததை நீங்களும் பார்த்துவிட்டீர்கள். வெயிலா, மூக்கா என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் ஓடீலிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

"மொதல்ல ஒரு ஆண் பூனை," என்று ஆரம்பித்தான் அவன், "அப்பறம், கொஞ்சம் பொறுத்து…"